ஒற்றைக்கூட்டுக் காரின் மூலம் எது: லான்சியாவா, பட் நிறுவனமா?

பதிவு 1 – அச்சாணி

சென்ற வாரம் டயர் தேர்வு பற்றிய ஓர் இழையில் நண்பர் ஒருவர், "சேஸிஸ் இல்லாத காரை உலகுக்கு முதலில் கொடுத்தது 1934-இல் சிட்ரோயன்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போனார். அங்கே மறுத்தால் பேச்சு வழிமாறும் என்பதால் தனி இழையாகத் தொடங்குகிறேன். அந்தக் கூற்று தவறு. பன்னிரண்டு ஆண்டுகள் பிந்திய தவறு.

1920-களின் தொடக்கம் வரை கார் என்பது இரண்டு தனிப் பொருள்களின் சேர்க்கையாக இருந்தது. கீழே ஏணியைப் போல இரண்டு நீளச் சட்டங்களும் குறுக்குச் சட்டங்களும் கொண்ட சேஸிஸ். இயந்திரம், சக்கர அச்சு, வில் (ஸ்பிரிங்) எல்லாம் அதில்தான் பூட்டப்பட்டன. மேலே, மரச்சட்டத்தில் தகடு அறைந்து, கோச்சு வண்டி கட்டியவர்களின் வழிவந்த தச்சர்கள் செய்த கூடு. கூடு பயணிகளை மூடியது, அழகு தந்தது. சுமை எதையும் தாங்கவில்லை. டூரின் நகரத்து வின்சென்ஸோ லான்சியா இந்தப் பிரிவினையைத்தான் கேள்வி கேட்டார். சேஸிஸுக்குப் பதிலாகக் கூடே சுமையைத் தாங்கும் ஒரு வண்டிக்கு, அதாவது ஒற்றைக்கூட்டு வண்டிக்கு, அவர் 1918-இன் இறுதியிலேயே காப்புரிமை கோரினார். பாத்திஸ்தா ஃபால்கெட்டோ போன்ற பொறியாளர்களுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய லாம்ப்டா 1922-இல் பாரிஸ், லண்டன் கண்காட்சிகளில் வைக்கப்பட்டது.

அந்த வண்டியில் ஏணிச் சட்டம் கிடையாது. அழுத்தி வடித்த எஃகுத் தகடுகளாலான ஆழமான பக்கச் சுவர்கள், இயந்திர அறைக்கும் பயணிகளுக்கும் இடையிலான தடுப்பு, இருக்கைகளின் முதுகுப்புறத்தில் குறுக்காகச் செல்லும் பெட்டி வடிவத் தகடுகள், நடுவில், இயந்திரத்தின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் சுழல்தண்டு ஓடுவதற்கான குடைவு ஆகிய அனைத்தும் ரிவெட் அடித்து இணைக்கப்பட்டு, ஒரு படகின் அடிக்கூட்டைப் போல நின்றன. சட்டத்தின் மேலே ஏறி உட்கார வேண்டிய கட்டாயம் போனதால் பயணிகள் சுழல்தண்டின் இருபுறமும் தாழ்வாக அமர்ந்தார்கள். வண்டி முழுவதுமே குனிந்தது. முன்சக்கரங்களுக்குத் தனித்தனி வில்லமைப்பு, குறுகிய கோணத்து நான்கு சிலிண்டர் வி-இயந்திரம், நான்கு சக்கரத்திலும் பிரேக்கு என்று மற்ற புதுமைகளும் உண்டு. ஆனால் கூடு விறைப்பாக இல்லாவிட்டால் அந்த முன்வில்லமைப்பு ஒழுங்காக வேலை செய்திருக்காது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆகவே மூலம் லாம்ப்டா, சிட்ரோயன் வழித்தோன்றல்.

பதிவு 2 – தகட்டுக்காரன்

அச்சாணி அவர்களுக்கு வணக்கம். லாம்ப்டாவின் பெருமையில் எனக்கு ஐயம் இல்லை. "மூலம்" என்ற சொல்லில்தான் வழக்கு.

ஒன்பது ஆண்டுகளில் விற்ற லாம்ப்டாக்கள் சுமார் 11,000. அவற்றின் கடைசித் தொடர்களில் லான்சியாவே தனிச் சேஸிஸ் கொண்ட வகையையும் கொடுத்தார்; கூடு கட்டும் பட்டறைகளும் அவற்றின் பணக்கார வாடிக்கையாளர்களும் தங்களுக்கு வேண்டிய வடிவத்தில் உடலைக் கட்டிக்கொள்ள வேறு வழியில்லாமல் போனதுதான் காரணம். தன் தந்தையாலேயே பின்வாங்கப்பட்ட ஒரு கொள்கையை ஒரு தொழிலின் மூலம் என்று எப்படிச் சொல்வது?

இன்று சாலையில் ஓடும் ஒற்றைக்கூட்டுக் கார் லாம்ப்டாவைப் போல ரிவெட் அடித்த, கூரையில்லாத தொட்டி அன்று. பெரிய பிரஸ்ஸில் (தகட்டை அழுத்தி வடிக்கும் இயந்திரத்தில்) ஒரே அடியில் அழுத்தி வடித்த தகடுகளைப் பிடிச்சட்டத்தில் நிறுத்தி, ஸ்பாட் வெல்டிங் செய்து (புள்ளி புள்ளியாகப் பற்றவைத்து), நிமிடக் கணக்கில் ஒன்றாக்கிய பெட்டி அது. அந்தக் கலையின் ஊர் டூரின் அன்று, பிலடெல்பியா. எட்வர்ட் பட் 1912-இல் அங்கே தொடங்கிய நிறுவனத்தில் ஜோசப் லெட்விங்கா என்ற ஆஸ்திரியப் பொறியாளர் மரமே இல்லாத எஃகுக் கூட்டை வடிவமைத்தார். 1914-இன் இறுதியில் வெளிவந்த முதல் டாட்ஜ் கார் அந்தக் கூட்டோடுதான் வந்தது. மரம் இல்லாததால் வண்ணம் பூசிய கூட்டை அப்படியே சூளையில் வைத்துச் சுட முடிந்தது. மரச்சட்டக் கூட்டின் பூச்சு காய்வதற்கு வாரக்கணக்கில் காத்திருந்த தொழிலுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று எண்ணிப்பாருங்கள்.

அந்தக் கூட்டைச் செய்யும் உரிமம் அட்லாண்டிக்கைக் கடந்தது. 1924-இல் சிட்ரோயனின் பி10 ஐரோப்பாவின் முதல் முழு எஃகுக் கூட்டுக் காரானது. 1926-இல் ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டிய கௌலியில் கார் உற்பத்தியாளரான மோரிஸும் பட்டும் சேர்ந்து பிரஸ்டு ஸ்டீல் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதே காலத்தில் பெர்லினில் அம்பி-பட் ஆலை எழுந்தது. 1934-இல் சிட்ரோயன், 1935-இல் ஓப்பல் ஒலிம்பியா, 1938-இல் மோரிஸ் டென் என்று ஒற்றைக்கூடு ஐரோப்பாவில் வேர்பிடித்த வரிசையைப் பாருங்கள். பிரஸ் எங்கே போனதோ அங்கே பத்து ஆண்டுகள் கழித்து ஒற்றைக்கூடு முளைத்தது.

பதிவு 3 – அச்சாணி

விடை சுருக்கமாக. நீங்கள் காட்டும் 1914-ஆம் ஆண்டு டாட்ஜ் கூடு எதன் மேல் உட்கார்ந்திருந்தது? ஒரு சாதாரணச் சேஸிஸின் மேல். மரத்துக்குப் பதில் எஃகு வந்தது என்பது பொருள் மாற்றம். சுமை எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்பதில் ஒரு நூலிழை மாற்றமும் இல்லை. ஓட்டு வீட்டைத் தகரக் கொட்டகையாக மாற்றியவரை அடுக்குமாடிக் கட்டடத்தின் மூலவர் என்று யாரும் சொல்வதில்லை.

கூரையில்லாத தொட்டி என்றும் லாம்ப்டாவைக் குறைத்தீர்கள். உங்கள் சிட்ரோயனின் தொடக்க கால வண்டிகளில் கூரையின் நடுப்பகுதி தகடே அன்று. பதப்படுத்திய துணிதான் ஒட்டப்பட்டிருந்தது. அதே வண்டி திறந்த ரோட்ஸ்டராகவும் விற்கப்பட்டது. கூரை இல்லாதது ஒற்றைக்கூடு ஆகாது என்றால் அந்த ரோட்ஸ்டரை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?

பதிவு 4 – மேகவாகனம்

இருவருமே தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். சற்று மேலே பார்க்கலாம்.

"மோனோகாக்" என்ற சொல்லே வானூர்தியிலிருந்து வந்தது. ஒற்றை ஓடு என்று பொருள். பிரான்சில் லூயி பெஷெரோ வடிவமைத்த தெபெர்துசான் பந்தய விமானம் 1912-இல் மெல்லிய மரப்பட்டைகளை அடுக்கி ஒட்டிய, உள்ளே எலும்புக்கூடு ஏறக்குறைய இல்லாத உடலோடு பறந்து, சிகாகோவில் நடந்த கோர்டன் பென்னட் போட்டியை வென்றது. முட்டையைப் போல ஓடே தாங்கும் என்ற கருத்து அன்றைக்கே பொறியியல் மாணவர்களுக்குத் தெரிந்த செய்திதான். லான்சியா கடற்பயணத்தில் கப்பலின் உடலைப் பார்த்து லாம்ப்டாவை எண்ணினார் என்று ஒரு கதை சொல்வார்கள். கப்பலோ விமானமோ, கருத்து காருக்கு வெளியிலிருந்துதான் வந்தது.

நான் சொல்ல விரும்பும் ஆள் ஆந்த்ரே லெஃபெவ்ர். வானூர்திப் பொறியியல் படித்தவர். விமானத் தொழிலில் பெயர் பெற்றுப் பின்னர் கார் செய்ய வந்த கப்ரியேல் வுவாசானிடம் சேர்ந்தார். 1923-இல் தூர் நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்துக்காக, விமானத்தின் உடலைப் போல அலுமினியத் தகடு போர்த்த, ஏணிச் சட்டமில்லாத ஒரு வண்டியை உருவாக்கி, அதில் ஒன்றைத் தாமே ஓட்டி ஐந்தாவதாக முடித்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 1933-இல் சிட்ரோயனில் சேர்ந்தார். ஓராண்டு சொச்சத்தில், நீங்கள் இருவரும் பேசும் அந்த 1934 சிட்ரோயனான டிராக்ஷன் அவான் வெளிவந்தது. ஒற்றைக்கூட்டு உடல், முன்சக்கர இயக்கம், முறுக்குத் தண்டு வில்லமைப்பு என்று அந்த வண்டியில் இருந்த துணிச்சல் ஒரு தகடு அடிக்கும் நிறுவனத்தின் துணிச்சல் அன்று, விமானக்காரனின் துணிச்சல்.

எந்த ஆண்டில் யார் முதலில் என்ற போட்டியிலேயே ஆர்வம் உள்ளவர்களுக்கு ஒரு துணுக்கு: இங்கிலாந்தின் லகோண்டா நிறுவனம் 1913-இலேயே ரிவெட் அடித்த ஒருங்கிணைந்த உடலோடு ஒரு சிறு காரைக் கொண்டுவந்துவிட்டது. லாம்ப்டாவுக்கு ஒன்பது ஆண்டு மூத்தது. அச்சாணி அவர்கள் இதற்கும் ஒரு விடை சொல்ல வேண்டும்.

பதிவு 5 – தகட்டுக்காரன்

லகோண்டாவை நினைவூட்டியதற்கு மேகவாகனம் அவர்களுக்கு நன்றி. "யார் முதலில் நினைத்தார்கள்" என்ற கேள்வி எவ்வளவு பயனற்றது என்பதற்கு அதுவே சான்று. தோண்டத் தோண்ட இன்னொருவர் கிடைப்பார்.

அச்சாணி அவர்களின் கூரைக் கேள்வி நல்ல கேள்வி. அதற்குக் கொஞ்சம் விரிவாக விடை சொல்ல வேண்டும். ஒரு தீப்பெட்டியை எடுத்து உள்தட்டை மட்டும் வெளியே இழுத்து இரு முனைகளையும் எதிரெதிராகத் திருகிப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் முறுகும். அதை மேலுறைக்குள் தள்ளிவிட்டுத் திருகுங்கள், கை வலிக்கும். இரண்டும் அதே அட்டைதான். மூடிய பெட்டியானதும் முறுக்கு நான்கு சுவர்களையும் சுற்றிப் பாய்கிறது. லாம்ப்டா உள்தட்டு. சுவரை ஆழமாக்கி, குறுக்குத் தடுப்புகள் வைத்து லான்சியா அந்தக் குறையைத் திறமையாக ஈடுகட்டினார். எடையாலும் கைவேலையாலும் அதற்கு விலை கொடுத்தார். டிராக்ஷன் அவான் ரோட்ஸ்டரும் அதே வழியில்தான் நின்றது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வண்டியின் பெருவாரி விற்பனை, கூரை மூடிய சலூன் வகைக் கார்கள்.

அந்தச் சலூனின் கூரையில் ஏன் துணி? பொறியியல் கருத்து போதாமையால் அன்று, தகட்டின் அகலம் போதாமையால். காரின் கூரை முழுவதையும் மூடும் அகலத்தில், ஒரே சீரான தடிமனில் எஃகுத் தகட்டை உருட்டும் ஆலைகள் அமெரிக்காவில் 1920-களில்தான் தோன்றின. அவை வந்த பின்னும், அவ்வளவு பெரிய தகட்டைக் கிழியாமல் சுருங்காமல் வடிக்கும் பிரஸ்ஸும், அதில் தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சும் (டை) வேண்டியிருந்தன. ஜெனரல் மோட்டார்ஸே தன் கார்களுக்கு ஒரே தகட்டாலான எஃகுக் கூரையை 1935 மாதிரிகளில்தான் கொண்டுவந்தது. அதுவரை உலகெங்கும் கார்க்கூரையின் நடுவில் மரச்சட்டமும் துணியும்தான். சிட்ரோயனுக்கும் சீக்கிரமே எஃகுக் கூரை வந்தது. ஆகவே தீப்பெட்டியின் மேலுறையைச் செய்தது எந்த மேதையும் அன்று, உருட்டாலை.

லெஃபெவ்ர் பற்றி: அவரை நானும் மதிக்கிறேன். ஆனால் அவர் சேருவதற்கு முன்பே, 1930-களின் தொடக்கத்தில், பட் நிறுவனம் முன்சக்கர இயக்கமும் ஒற்றைக்கூட்டு உடலும் கொண்ட ஒரு மாதிரி வண்டியைச் செய்திருந்தது. சிட்ரோயனோடு அந்நிறுவனத்துக்கு இருந்த பழக்கம் பத்தாண்டுப் பழக்கம். விமானக்காரனுடைய 1923-ஆம் ஆண்டு வண்டி மரச்சட்டத்தில் அலுமினியம் அறைந்த ஒரு கைவேலை. அதிலிருந்து, ஏழரை லட்சத்துக்கும் மேல் விற்ற எஃகுப் பெட்டிக்கு நேர்வழி எதுவும் கிடையாது. நடுவில் பிலடெல்பியா இருக்கிறது.

ஒரு கிளைச்செய்தி. 1934-இல் சிட்ரோயன், உடலின் உறுதியைக் காட்டத் தன் வண்டியை மேட்டிலிருந்து உருட்டிப் படம் எடுத்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் கிறைஸ்லர் தன் ஏர்ஃப்ளோவைப் பென்சில்வேனியாவில் ஒரு பாறைக் குழியில் தள்ளிப் படம் எடுத்தது. ஏர்ஃப்ளோவின் உடல் பாலத்தின் உத்தரக் கட்டமைப்பைப் போன்றது என்று விளம்பரம் செய்தார்கள். ஆனால் அடியில் சட்டம் இருந்தது. சேஸிஸை முழுவதும் கைவிட்டு விற்பதற்கு அமெரிக்கப் பெரு நிறுவனங்களுக்கு அப்போது நெஞ்சுரம் இல்லை.

பதிவு 6 – அச்சாணி

கடைசி வரியில் உங்கள் கட்சியை நீங்களே சாய்த்துவிட்டீர்கள்.

லகோண்டாவை முதலில் முடித்துவிடுகிறேன். அது ஒருங்கிணைந்த உடல் என்பது உண்மை. ஆனால் அதை வைத்து வண்டியின் மற்ற அமைப்பை அவர்கள் மாற்றி எண்ணவில்லை. லாம்ப்டாவில் இருக்கை தாழ்ந்ததும், சுழல்தண்டுக்குக் குடைவு வந்ததும், முன்வில்லமைப்பு மாறியதும் ஒரே முடிவின் விளைவுகள். ஒரு கருத்தின் பின்விளைவுகளைக் கடைசிவரை துரத்திப் பிடித்தவரைத்தான் மூலவர் என்கிறேன். ஆண்டை மட்டும் பார்த்தால் முதலிடம் லகோண்டாவுக்குப் போகட்டும்.

இப்போது உங்கள் பிரஸ்ஸுக்கு வருகிறேன். உருட்டாலை அமெரிக்காவில், பிரஸ் அமெரிக்காவில், ஸ்பாட் வெல்டிங் வல்லுநர்கள் அமெரிக்காவில், பட் நிறுவனமே பிலடெல்பியாவில். கருவிதான் மூலம் என்றால் ஒற்றைக்கூடு அமெரிக்காவில்தானே முதலில் வேர்பிடித்திருக்க வேண்டும்? நடந்தது என்ன? கிறைஸ்லர், தன் இம்பீரியல் வகை நீங்கலாக, மற்றக் கார்களை ஒற்றைக்கூட்டுக்கு மாற்றியது 1960 மாதிரிகளில். ஃபோர்டின் ஃபால்கனும் செவ்ரோலேயின் கார்வேரும் அதே ஆண்டு மாதிரிகள். ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய சலூன்கள் 1990-கள் வரை சட்டத்தின் மேல்தான் உட்கார்ந்திருந்தன. கருவி முழுவதும் கையில் இருந்த நாடு முப்பது, நாற்பது ஆண்டுகள் காத்திருந்தது. கருவியைக் கடன் வாங்கிய நாடுகள் முந்திக்கொண்டன. ஆகவே கருவிக்கு முன்னால் ஒரு விருப்பம் இருந்திருக்க வேண்டும். அந்த விருப்பத்தை முதலில் உருவாக்கிக் காட்டியது லாம்ப்டா.

இன்னொன்று. 1933-இல் ஆந்த்ரே சிட்ரோயன் பாரிஸின் ஜாவெல் ஆலையைச் சில மாதங்களில் இடித்துக் கட்டினார். 1934 ஏப்ரலில் வண்டி வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் நிறுவனம் திவாலானது. ஆலை டயர் நிறுவனமான மிச்செலின் கைக்குப் போனது. 1935 ஜூலையில் அவர் காலமானார். பிரஸ்ஸும் அச்சும் கேட்ட பணம் ஒரு மனிதரையே விழுங்கிவிட்டது. அதை "இயல்பாக முளைத்தது" என்பது போல நீங்கள் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பதிவு 7 – தகட்டுக்காரன்

அமெரிக்கா பற்றிய கேள்வி இதுவரை இந்த இழையில் வந்ததிலேயே கடினமான கேள்வி. என் விடை இது.

சேஸிஸ் வைத்திருந்தால் மேலுடலை ஆண்டுதோறும் மாற்றலாம். அடியில் அதே சட்டம், அதே சக்கர அச்சு, அதே இயந்திரம். மேலே புதிய மட்கார்டு, புதிய பின்பக்கம். ஜெனரல் மோட்டார்ஸ் 1920-களில் கண்டுபிடித்த வணிக வழியே அதுதான். ஒரே சட்டத்தில் சலூன், கூப்பே, கன்வர்ட்டிபிள், ஸ்டேஷன் வேகன் என்று நான்கு உடல்களை ஏற்றலாம். ஒற்றைக்கூட்டில் இந்த வசதி போய்விடுகிறது: கதவுத் திறப்பின் வடிவத்தை மாற்றினாலே சுமை செல்லும் வழி மாறுகிறது, அச்சுகளை மீண்டும் வெட்ட வேண்டியிருக்கிறது. ஆக, அமெரிக்காவில் முடியாமல் இல்லை, வேண்டாம் என்றிருந்தார்கள். இடையிடையே விதிவிலக்குகள் உண்டு: 1936-இல் லிங்கன் செஃபிர், அதே ஆண்டு கார்டு 810, 1941-இல் நாஷ் 600. இந்த நாஷின் பெயரே கணக்குத்தான்: இருபது காலன் தொட்டி, காலனுக்கு முப்பது மைல், ஆக 600 மைல். எரிபொருள் சிக்கனத்தை விற்க வந்த வண்டி ஒற்றைக்கூட்டில் வந்ததில் வியப்பில்லை.

ஐரோப்பாவில் சாலை வரியும் பெட்ரோல் விலையும் சிறிய இயந்திரத்தைக் கட்டாயமாக்கின; சிறிய இயந்திரத்துக்கு எடை குறைந்த உடல் வேண்டும். ஒரே மாதிரியைப் பத்து, இருபது ஆண்டு மாற்றாமல் விற்பது அங்கே இழுக்கில்லை. டிராக்ஷன் அவானே 1957 வரை விற்றது. அப்படி விற்றால் அச்சுக்குப் போட்ட முதல் திரும்பி வரும்.

ஆக நீங்கள் சொன்ன "விருப்பம்" இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த விருப்பம் லாம்ப்டாவைப் பார்த்து வந்ததன்று. வரிச்சீட்டைப் பார்த்து வந்தது. இங்கிலாந்தின் லூட்டனில் வாக்ஸ்ஹால் டென் காரை 1937-இல் வடித்தவர்கள் டூரினைப் பார்க்கவில்லை. தங்கள் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ், ஜெர்மனியில் ஓப்பல் ஒலிம்பியாவைச் செய்து முடித்ததைப் பார்த்தார்கள்.

சிட்ரோயனின் திவால் பற்றி நீங்கள் எழுதியது நியாயம். "முளைத்தது" என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

பதிவு 8 – பழைய ஹெரால்டு

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இளமையில் சென்னையில் ஒரு டிங்கர் பட்டறையில் வேலை கற்றவன். எனவே தகட்டுக்காரன் அவர்களின் பக்கம் எனக்கு இயல்பான சாய்வு உண்டு. அவருடைய கட்சிக்கு வலு சேர்க்கும் ஓர் எடுத்துக்காட்டு நம் ஊரிலேயே ஓடியது.

ஐரோப்பா பெரும்பாலும் ஒற்றைக்கூட்டுக்கு மாறிவிட்ட 1959-இல், இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் நிறுவனம் தனிச் சேஸிஸ் வைத்த ஹெரால்டு காரை வெளியிட்டது. அந்த நிறுவனத்துப் பொறியாளர்களுக்கு ஒற்றைக்கூடு தெரியாதா? தெரியும், முந்தைய சிறு காரான ஸ்டாண்டர்டு எய்ட்டே ஒற்றைக்கூடுதான். காரணம் வேறு. அவர்களுக்குக் கூடு வடித்துக் கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ ஆலையை 1953-இல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) விலைக்கு வாங்கிவிட்டது. முழுக் கூட்டை ஓரிடத்தில் வடித்துத் தர வேறு ஆள் எளிதில் அமையவில்லை. ஆகவே உடலைத் துண்டு துண்டாகப் பிரித்து, பல இடங்களில் செய்து, போல்ட் போட்டுச் சேர்க்கும்படி வடிவமைத்தார்கள். அப்படிச் சேர்த்த உடல் தானாக விறைத்து நிற்காது என்பதால் கீழே சேஸிஸ் வந்தது. இத்தாலியரான மிக்கெலோட்டி வரைந்த அந்த அழகான உடலுக்கு அடியில் இருந்தது ஒரு பிரஸ் ஆலையின் இழப்பு.

துண்டுகளாக வந்ததால் வெளிநாடுகளில் பூட்டுவதற்கு அது வசதியான வண்டி. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று அதைச் செய்யத் தொடங்கியது. இங்கிலாந்தில் ஹெரால்டு சலூனுக்குக் கதவு இரண்டுதான். இங்கே பின்னிருக்கையில் பெரியவர்களை ஏற்றி இறக்க வேண்டும் என்பதால் 1960-களின் இறுதியில் நான்கு கதவு வைத்த ஹெரால்டு வந்தது. சேஸிஸ் அடியில் இருந்ததால்தான், பெரும் முதல் இல்லாமல் பக்கவாட்டில் இன்னொரு வாசலைத் திறக்க முடிந்தது என்பது என் கருத்து.

பதிவு 9 – மேகவாகனம்

பழைய ஹெரால்டு ஐயா அவர்களின் பதிவு இந்த இழைக்குக் கிடைத்த பேறு. அதே காலத்தில் அதே சாலையில் ஓடிய அம்பாசிடர், 1950-களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் தொடரின் வழிவந்த ஒற்றைக்கூட்டு வண்டி. பத்மினியின் மூலமான ஃபியட் 1100-உம் அவ்வாறே. தடித்த தகட்டையும் கனத்த தோற்றத்தையும் பார்த்து அம்பாசிடருக்கு அடியில் லாரியைப் போலச் சட்டம் இருக்கும் என்று நம்புகிறவர்கள் இன்றும் பலர். மெல்லிய உடல் கொண்ட ஹெரால்டில்தான் சட்டம் இருந்தது என்றால் வியப்பார்கள்.

அம்பாசிடரின் உருவம் 2014 வரை ஏறக்குறைய மாறாமல் இருந்ததற்கும் அச்சு வெட்டும் செலவுதான் காரணம் என்று தகட்டுக்காரன் அவர்கள் சொல்லக்கூடும். முந்திக்கொண்டு மறுக்கிறேன்: உரிமமும் ஒதுக்கீடும் வைத்து நடந்த சந்தையில், வாங்குகிறவர் ஆண்டுக்கணக்கில் வரிசையில் நின்றபோது, உருவத்தை மாற்ற எந்த உற்பத்தியாளருக்கும் தேவை இருக்கவில்லை.

ஐயா அவர்களிடம் ஒரு கேள்வி. சேஸிஸ் வண்டியில் கைபழகிய டிங்கர்களுக்கு ஒற்றைக்கூட்டு வண்டி வந்தபோது என்ன மாற்றம் தெரிந்தது?

பதிவு 10 – அச்சாணி

ஹெரால்டு எடுத்துக்காட்டு என் கட்சிக்கு எதிரானது என்பதை மறைக்கப் போவதில்லை. கருத்து தெரிந்த ஒரு நிறுவனம் பிரஸ் கையைவிட்டுப் போனதும் பின்னால் திரும்பிவிட்டது என்றால், கருத்தைவிடப் பிரஸ் வலியது என்று தகட்டுக்காரன் அவர்கள் சொல்வதில் பாதியை ஏற்க வேண்டியதுதான். மறுபாதியை ஏற்கவில்லை. ஹெரால்டின் கதை ஒற்றைக்கூடு எப்படி நிலைத்தது என்பதற்குச் சான்று. எப்படிப் பிறந்தது என்பதற்கு அன்று. லாம்ப்டா வந்த 1922-இல் அத்தகைய உடலுக்கேற்ற அகன்ற தகடும் இல்லை, ஸ்பாட் வெல்டிங் வரிசையும் இல்லை. இருந்தும் ரிவெட்டும் கைவேலையும் வைத்து அது செய்யப்பட்டது, மலைச் சாலைகளில் ஓடியது. டயர் இழைக்குப் போய் "முதலில் செய்தது லான்சியா" என்று ஒரு திருத்தம் எழுதப் போகிறேன். லகோண்டாவுக்காக வாதாட விரும்புகிறவர்கள் அங்கே வரலாம்.

பதிவு 11 – பழைய ஹெரால்டு

மேகவாகனம் அவர்களின் கேள்விக்கு.

சேஸிஸ் வண்டியில் தகடு துருப்பிடித்துப் போனால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதியதைப் பற்றவைப்போம். வண்டி அதுபாட்டுக்கு நிற்கும். ஒற்றைக்கூட்டு வண்டியில் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடுதான் பாதி முதுகெலும்பு. அது வெளியே வெறும் அழகுத் தகடு போலத்தான் தெரியும். பழைய கைகள் பழைய வழக்கப்படியே அதை வெட்டினார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு வண்டியில், இரண்டு கதவையும் கழற்றிவிட்டு, முன்னும் பின்னும் மட்டும் முட்டுக் கொடுத்து அந்தத் தகட்டை வெட்டியதில், நடுவயிறு அரை விரல் அளவுக்குத் தொங்கிவிட்டது. புதிய தகட்டைப் பற்றவைத்த பிறகு கதவை மாட்டினால் பூட்டு கொக்கியில் விழவில்லை. எங்கள் மேஸ்திரி பற்றவைத்ததை எல்லாம் மறுபடி வெட்டச் சொல்லி, நடுவில் ஜாக்கியை வைத்து ஏற்றி, கதவை மாட்டி இடைவெளியைப் பார்த்துப் பார்த்துப் பற்றவைக்க வைத்தார்.

அதற்குப் பிறகு எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் வந்தது. சேஸிஸ் வண்டியா, கூடு வண்டியா என்று முதலில் கேட்போம். கூடு வண்டி என்றால் கதவைக் கழற்ற மாட்டோம்; கதவு மூடியபடியே இருக்க, வாசலின் குறுக்கே ஒரு கோணச் சட்டத்தைத் தற்காலிகமாகப் பற்றவைத்துவிட்டுத்தான் கீழ்த்தகட்டில் உளி படும்.